கிளாசிக் பனிச்சறுக்கு என்றால் என்ன? எஸ்டோனிய வீரர் அந்த்ருஸ் வேர்பலுவை வைத்து ஓர் எளிய விளக்கம்

2002 பிப்ரவரி 12 அன்று, சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கின் 15 கிலோமீட்டர் கிளாசிக் பந்தயத்தில் அந்த்ருஸ் வேர்பலு 37 நிமிடம் 7.4 விநாடியில் வந்து தங்கம் வென்றார். நார்வேயின் ஃப்ரோடே எஸ்தில் 36 விநாடி பிந்தி இரண்டாமிடம். மூன்றாமிடம் இன்னொரு எஸ்டோனியர், யாக் மாயே. எஸ்டோனியக் கொடியின்கீழ் குளிர்கால ஒலிம்பிக்கில் அதுவரை ஒரு பதக்கம்கூட வந்ததில்லை. 14 லட்சத்துக்கும் குறைவான மக்கள் கொண்ட நாட்டுக்கு ஒரே பந்தயத்தில் இரண்டு கிடைத்தன.

வேர்பலுவின் பதக்கப் பட்டியலை வரிசையாகப் படித்தால் ஒன்று உடனே தட்டுப்படும். 1999 ராம்சாவ் உலக சாம்பியன்ஷிப், 50 கிலோமீட்டர் கிளாசிக், வெள்ளி. 2001 லாஹ்தி உலக சாம்பியன்ஷிப், 30 கிலோமீட்டர் கிளாசிக், தங்கம். 2002 ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டர் கிளாசிக் தங்கம், 50 கிலோமீட்டர் கிளாசிக் வெள்ளி. 2006 டுரின் ஒலிம்பிக், 15 கிலோமீட்டர் கிளாசிக், தங்கம். 2009 லிபெரெட்ஸ் உலக சாம்பியன்ஷிப், 15 கிலோமீட்டர் கிளாசிக், தங்கம். ஆறும் கிளாசிக். ஒருவருடைய மொத்த வாழ்க்கையும் ஒரே பாணிக்குள் அடங்குகிறது என்றால், அந்தப் பாணி என்னவென்று தெரியாமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது.

இரண்டு பாணிகள்

வேர்பலுவின் விளையாட்டான கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங், மலை உச்சியிலிருந்து சறுக்கி இறங்கும் விளையாட்டு இல்லை. மேடும் பள்ளமும் சமதளமும் கலந்த பாதையில், சொந்த உடல் வலுவால் பல கிலோமீட்டர் போக வேண்டும். பந்தயப் பாதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏற்றம்தான். காலணியின் முனை மட்டுமே ஸ்கீ எனப்படும் நீண்ட சறுக்குப் பலகையில் பூட்டப்படும். குதிகால் தூக்குவதற்கு விடப்பட்டிருக்கும்.

1980-கள் வரை எல்லோரும் ஏறத்தாழ ஒரே விதமாகத்தான் போனார்கள்: பனியில் பதித்த இரண்டு இணைத் தடங்களுக்குள் இரு ஸ்கீகளையும் வைத்து, கைக்கோல்களை ஊன்றியபடி வலக்கையும் இடக்காலும், இடக்கையும் வலக்காலும் மாறி மாறி. பிறகு சிலர் ஸ்கேட்டிங் செய்வதுபோல் ஸ்கீயைப் பக்கவாட்டில் சாய்த்து உந்தத் தொடங்கினார்கள். அது வேகமாக இருந்தது. தடை செய்வதா, விட்டுவிடுவதா என்று சில ஆண்டுகள் இழுபறி நடந்து, கடைசியில் பந்தயங்களையே இரண்டாகப் பிரித்தார்கள். பழையது கிளாசிக், புதியது ஃப்ரீ. ஒலிம்பிக்கில் 1988 கால்கரியிலிருந்து இந்தப் பிரிவினை நடப்பில் உள்ளது.

ஒவ்வொரு தூரமும் எந்தப் பாணியில் நடக்கும் என்பது ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் மாறலாம். ஆண்கள் 15 கிலோமீட்டர் 2002-லும் 2006-லும் கிளாசிக், 2010-ல் ஃப்ரீ. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கிளாசிக் வீரருக்குத் தன் உச்ச நிலையும் அட்டவணையும் ஒரே ஆண்டில் பொருந்துவது பாதி அதிர்ஷ்டம்.

ஸ்கீயின் வளைவு

கிளாசிக் பாணியின் முழுச் சிக்கலும் ஒரே கேள்வியில் இருக்கிறது: சறுக்க வேண்டிய பலகையை வைத்துக்கொண்டு மேட்டில் எப்படி ஏறுவது?

விடை ஸ்கீயின் வடிவத்தில் இருக்கிறது. தரையில் வைத்தால் அதன் நடுப்பகுதி மேலே எழும்பி நிற்கும். இந்த வளைவு இரண்டு கட்டமாக மசியும். உடல் எடை இரண்டு ஸ்கீயிலும் பகிர்ந்திருக்கும்போது முதல் கட்டம் மட்டும் மசியும். முனையும் வாலும் பனியைத் தொடும், பாதத்துக்குக் கீழே உள்ள பகுதி தொடாது. எடை முழுவதையும் ஒரே காலில் போட்டுக் கீழே அழுத்தினால் இரண்டாம் கட்டமும் மசிந்து, நடுப்பகுதி பனியில் பதியும். அந்த நடுப்பகுதியில்தான் பிடிப்பு மெழுகு இருக்கிறது. முனையிலும் வாலிலும் சறுக்கு மெழுகு. ஆக, அழுத்தும் நொடியில் பலகை பனியைப் பிடிக்கும். அழுத்தம் எடுத்ததும் சறுக்கும்.

ஸ்கீ வாங்கும்போது பலர் செய்யும் பிழை, உயரத்தை மட்டும் பார்ப்பது. கிளாசிக் ஸ்கீ உடல் உயரத்தைவிடச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளமாக இருக்கும் என்பது சரிதான். ஆனால் முடிவு செய்வது எடை. வளைவு எடைக்கு மீறி விறைப்பாக இருந்தால் நடுப்பகுதி பனியைத் தொடவே தொடாது. மேட்டில் கால் பின்னால் வழுக்கும். தளர்வாக இருந்தால் பிடிப்பு மெழுகு எப்போதும் பனியில் உரசி, சறுக்கத்தையே கெடுக்கும்.

சோதிக்க எளிய வழி ஒரு தாள். சமமான கெட்டித் தரையில் இரு ஸ்கீகள் மீதும் சம எடையில் நிற்க வேண்டும். இன்னொருவர் பாதத்துக்குக் கீழே தாளைச் செருகி முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கட்டும். குதிகால் பக்கத்திலிருந்து கால்விரலுக்கு முன்னால் 30 முதல் 40 சென்டிமீட்டர் வரை தாள் தடையில்லாமல் நகர வேண்டும். பிறகு எடையை ஒரே காலுக்கு மாற்றினால் தாள் சிக்க வேண்டும். அது நகர்ந்த எல்லைகளை ஸ்கீயின் பக்கவாட்டில் குறித்துக்கொண்டால், பிடிப்பு மெழுகுக்கான இடம் கிடைத்துவிட்டது.

மெழுகு

கிளாசிக் பந்தயங்கள் பெரும்பாலும் தொடங்குவதற்கு முன்பே பாதி தீர்மானமாகிவிடும் இடம் இது.

பனி எல்லா நாளும் ஒன்றல்ல. கடுங்குளிரில் புதிதாய் விழுந்த பனித்துகள் கூர்மையாக, கெட்டியாக இருக்கும். அதைப் பிடிக்கக் கெட்டி மெழுகு போதும், துகளின் முனைகளே மெழுகுக்குள் குத்தி நிற்கும். வெப்பம் ஏற ஏற முனைகள் மழுங்கும், ஈரம் சேரும். மெழுகும் மென்மையாக வேண்டும். டப்பாக்களின் நிறம் இதைக் காட்டுகிறது: பச்சை சுமார் மைனஸ் 8 டிகிரிக்குக் கீழே, நீலம் மைனஸ் 2 முதல் மைனஸ் 7 வரை, ஊதா பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே, சிவப்பு பூஜ்ஜியத்துக்கு மேலே. நிறுவனத்துக்கு நிறுவனம் ஓரிரு டிகிரி மாறும். காற்றின் வெப்பத்தை மட்டும் நம்பக் கூடாது. வெப்பமானியைப் பனியில் செருகி, நிழலில் பார்க்க வேண்டும்.

பூசும் முறை: முதலில் குறித்த இடத்தை 100 அல்லது 120 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும், வழவழப்பான அடிப்பரப்பில் மெழுகு நிற்காது. அடிமெழுகை மெல்லியதாக ஓட்டி, இஸ்திரிச் சூட்டில் இறக்கி, ஆறவிட வேண்டும். அதன்மேல் அன்றைய நிற மெழுகை நான்கு முதல் ஆறு மெல்லிய பூச்சுகள். ஒவ்வொன்றையும் தக்கையால் தேய்த்து மழுப்பிய பிறகே அடுத்தது. ஒரே தடித்த பூச்சாக அப்பினால் முதல் கிலோமீட்டரிலேயே திட்டுத் திட்டாக உரிந்துவிடும். முடித்ததும் ஸ்கீயைப் பத்து நிமிடமாவது வெளியே குளிரில் வைக்க வேண்டும். அறைச் சூட்டோடு பனியில் இறங்கினால் மெழுகில் பனி ஒட்டி உறைந்து, காலடியில் கட்டியாகத் திரளும்.

வழுக்குகிறதா? முதலில் அதே மெழுகில் இன்னும் இரண்டு பூச்சு. போதவில்லையென்றால் பூச்சை முன்பக்கம் சில சென்டிமீட்டர் நீட்ட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால்தான் அடுத்த மென்மையான நிறம். இந்த வரிசையை மாற்றக் கூடாது, ஏனென்றால் கெட்டி மெழுகின்மேல் மென்மையானதைப் பூசலாம். மென்மையானதின்மேல் கெட்டியானது சரியாகப் பிடிக்காது, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

உருகி மறுபடி உறைந்த பனிக்கு இந்த டப்பா மெழுகு எதுவும் தாங்காது. கரடுமுரடான அந்தப் பனிக்கட்டி அதைச் சில நிமிடங்களில் அரைத்துத் தள்ளிவிடும். அங்கே க்ளிஸ்டர் என்ற பசை வேண்டும். டியூபில் வரும், கம்பிப் பதத்தில் இருக்கும் வெல்லப் பாகு மாதிரி இழுபடும். டியூபைச் சூடாக்கி, மீன்முள் வடிவில் மெல்லிய கோடுகளாகப் பிதுக்கி, கட்டைவிரலால் பரப்புவார்கள். தடிப்பு அதிகம் என்பதால் பூசும் இடத்தை இரு முனையிலும் சில சென்டிமீட்டர் குறைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடுமையானது பூஜ்ஜிய டிகிரியில் விழும் புதுப் பனி. நிழலில் வழுக்கும், வெயிலில் ஒட்டும், ஒரே சுற்றில் இரண்டும் நடக்கும். அணிகளின் மெழுகு வல்லுநர்கள் விடிகாலையில் தொடங்கிப் பல ஜோடி ஸ்கீகளைச் சோதித்து, பந்தயம் தொடங்கக் கடைசி அரை மணி நேரத்தில்கூட முடிவை மாற்றுவது இதனால்தான்.

உந்தும் கணம்

சரியான ஸ்கீ, சரியான மெழுகு இரண்டும் இருந்தும் ஏன் எல்லோரும் வேர்பலு ஆவதில்லை?

உந்தும் ஸ்கீ ஒரு கணம் பனியில் அசையாமல் நிற்க வேண்டும். அந்தக் கணம் ஒரு விநாடியில் சிறு பகுதிதான். அதற்குள் எடை முழுவதும் அந்தக் காலுக்கு வந்து, கீழ்நோக்கி அழுத்தி, உடனே மறுகாலுக்குப் போய்விட வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் காலைப் பின்னால் தள்ளப் பார்க்கிறார்கள், தள்ளினால் வழுக்கும். அழுத்த வேண்டிய திசை கீழே. இரண்டாவது பிழை, பாதங்கள் ஒன்றையொன்று கடந்த பிறகு உந்துவது. இடுப்பு பின்தங்கியிருக்கும்போது எடை ஒருபோதும் மெழுகின்மேல் இறங்காது. மூன்றாவது, மேட்டைப் பார்த்ததும் முன்னால் குனிவது. குனிந்தால் எடை கால்விரலுக்குப் போகும், மெழுகு மேலே எழும்பும்.

இதைத் துல்லியமாகச் செய்பவருக்கு இரட்டை லாபம். அவருக்குப் பிடிப்பு குறைவாக இருந்தாலும் போதும் என்பதால் மெல்லிய பூச்சில் வேகமான ஸ்கீயை எடுக்கலாம். மற்றவர்கள் மேட்டில் வழுக்காமலிருக்கக் கூடுதல் மெழுகைப் பூசி, இறக்கத்தில் அதற்கு விலை கொடுப்பார்கள். 15 கிலோமீட்டரை 37 நிமிடத்தில் முடிப்பதென்றால் சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில், 2002 பந்தயம் நடந்த, சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருந்த சோல்ஜர் ஹாலோ பாதையில், மெல்லிய காற்றில் மூச்சு வாங்கிக்கொண்டே ஒவ்வொரு உந்தலும் இடம் தவறாமல் விழ வேண்டும். கலைந்த நுட்பத்தை நுரையீரலால் ஈடுகட்ட அந்த உயரத்தில் இடமில்லை.

தனித்தனித் தொடக்கம்

வேர்பலு தங்கம் வென்ற 15 கிலோமீட்டர் பந்தயங்களில் வீரர்கள் கூட்டமாகப் புறப்படுவதில்லை. 30 விநாடிக்கு ஒருவர். கோட்டைத் தாண்டும் வரிசைக்கு அர்த்தமில்லை, கடிகாரம்தான் எல்லாம். யார் பின்னாலும் காற்றுக்கு மறைந்து போக முடியாது, கடைசி நூறு மீட்டரில் பாய்ந்து திருட முடியாது. பாதையோரம் நிற்கும் பயிற்சியாளர் கத்தும் இடைநேரம், அதாவது வழியில் அளந்த நேரம், ஒன்றே எதிராளியைப் பற்றிய தகவல்.

இங்கே பந்தயத்தைக் கெடுப்பது பெரும்பாலும் முதல் ஐந்து கிலோமீட்டர். ஆர்வத்தில் ஐந்து விநாடி முந்திவிட்டால், தசையில் சேரும் களைப்பு கடைசி ஏற்றத்தில் இருபது விநாடியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் முதல் இடைநேரத்தைவிட, பாதி தூரத்துக்கும் முக்கால் தூரத்துக்கும் இடையே யார் எவ்வளவு இழக்கிறார்கள் என்பதைக் கவனித்தால் வெற்றியாளரை முன்கூட்டியே ஊகிக்கலாம்.

வேர்பலு 1971-ல் பார்னுவில் பிறந்தவர். எஸ்டோனியா 1991 ஆகஸ்டில் சுதந்திரத்தை மீட்டது. ஆறு மாதத்தில் ஆல்பெர்வில் குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தனி அணி அனுப்பியது. அதில் அவர் இருந்தார். அங்கிருந்து 2010 வான்கூவர் வரை ஆறு ஒலிம்பிக். முதல் பெரிய பதக்கம் வந்தபோது வயது 28. நெடுந்தூரப் பனிச்சறுக்கில் இது தாமதமில்லை. ஆண்டுக்கு எழுநூறு, எண்ணூறு மணிநேரம் பெரும்பாலும் மெதுவான வேகத்தில் பயிற்சி செய்து, கோடையில் சக்கர ஸ்கீயில் தார்ச்சாலையில் ஓடி, பத்து ஆண்டுக்குமேல் அடுக்கிய பிறகே உடல் இந்த விளையாட்டுக்குத் தயாராகிறது. எஸ்டோனியாவில் பெரிய மலையும் கிடையாது, மிக உயரமான சூர் முனமாகியே 318 மீட்டர்தான். ஆனால் தெற்கில் ஓத்தெபாவைச் சுற்றியுள்ள குன்றுகள் கிராஸ் கன்ட்ரிக்குப் போதும்; ஓயாமல் ஏறி இறங்கும் சிறு மேடுகள் இந்த விளையாட்டுக்கு உகந்தவை.

2002-ன் 50 கிலோமீட்டரில் அவர் மூன்றாவதாக வந்தார். முதலில் வந்த ஸ்பெயின் வீரர் யோஹான் முஹ்லெக் ஊக்கமருந்தில் சிக்கித் தகுதி நீக்கம் செய்யப்பட, ரஷ்யாவின் மிகயில் இவானோவுக்குத் தங்கமும் வேர்பலுவுக்கு வெள்ளியும் போயின. ஓஸ்லோவின் ஹோல்மென்கோலன் 50 கிலோமீட்டரை 2003-லும் 2005-லும் வென்றார். 2006 ஒலிம்பிக்கில் செக் வீரர் லூகாஷ் பாவர் 14.5 விநாடி பின்னால். 2009 லிபெரெட்ஸில் அதே பாவரை, அவருடைய சொந்த நாட்டிலேயே, 6.4 விநாடியில் வீழ்த்தினார். 39 நிமிடப் பந்தயத்தில் அது 0.3 சதவீதம்கூட இல்லை. வேர்பலுவுக்கு அன்று 38 வயது.

ஊக்கமருந்து வழக்கும் 'தீர்மான வரம்பும்'

இந்தப் பகுதியை விட்டுவிட்டு அவருடைய வாழ்க்கையை எழுதுவது நேர்மையாகாது.

2011 பிப்ரவரியில், ஓஸ்லோ உலக சாம்பியன்ஷிப் தொடங்கும் தறுவாயில், முழங்கால் காயத்தைச் சொல்லி ஓய்வை அறிவித்தார். ஏப்ரலில் உண்மை நிலவரம் வெளியானது: ஜனவரி இறுதியில் எடுத்த ரத்த மாதிரியில் வளர்ச்சி ஹார்மோன் சோதனை பாசிட்டிவ். தான் எடுக்கவில்லை என்றார் அவர். சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு ஆகஸ்டில் மூன்றாண்டுத் தடை விதித்தது.

சோதனை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் வழக்கு புரியும். வளர்ச்சி ஹார்மோன் எல்லோருடைய உடலிலும் சுரக்கிறது. உறக்கத்திலும் கடும் பயிற்சியிலும் அளவு பலமடங்கு ஏறி இறங்கும். எனவே 'இவ்வளவு இருந்தால் குற்றம்' என்று சொல்ல வழியில்லை. ஆனால் மூளையடிச் சுரப்பியிலிருந்து வருவது பல வடிவங்களின் கலவை. ஊசியில் வருவது ஒரே வடிவம். ஊசி போட்டால் அந்த ஒரு வடிவம் கூடும், சொந்தச் சுரப்பும் அடங்கிவிடும். அப்போது அந்த ஒரு வடிவத்துக்கும் மற்ற வடிவங்களுக்கும் உள்ள விகிதம் ஏறும். சோதனை அந்த விகிதத்தை அளக்கிறது, இரண்டு தனித்தனிச் சோதனைக் கிட்களால். ஆண்களுக்கு அன்றைய தீர்மான வரம்பு முதல் கிட்டில் 1.81, இரண்டாவதில் 1.68. இரண்டையும் தாண்டினால் பாசிட்டிவ். வேர்பலுவின் மாதிரி தாண்டியிருந்தது.

அந்த 1.81 எங்கிருந்து வந்தது? மருந்து எடுக்காத பலருடைய விகிதங்களை அளந்து, அவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர்கூடத் தவறாகச் சிக்காத இடத்தில் கோடு போட வேண்டும். பத்தாயிரம் பேரை யாரும் அளப்பதில்லை. கையிலிருக்கும் சில நூறு அளவுகளுக்கு ஒரு கணித வளைவைப் பொருத்தி, அதன் வாலை, அதாவது வளைவின் கடைசி ஓரத்தை, நீட்டித்தான் கோட்டின் இடத்தைக் கணிக்கிறார்கள். எந்த வளைவைத் தேர்ந்தெடுக்கிறோம், எந்த மாதிரிகளை விலக்குகிறோம் என்பதற்கேற்ப வால் நகரும், கோடும் நகரும்.

லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் 2013 மார்ச் 26 அன்று தடையை ரத்து செய்தது இந்த இடத்தில்தான். சோதனை முறை நம்பத்தக்கது என்று ஏற்றது. ஆனால் வரம்பைக் கணக்கிட்டதில் மாதிரிகள் குறைவு, சில தரவுகள் விலக்கப்பட்ட விதம் ஐயத்துக்குரியது, வளைவுக்கான ஆதாரம் போதவில்லை என்றது. கூடவே, வேர்பலு வெளியிலிருந்து ஹார்மோன் எடுத்ததாகக் காட்டும் அம்சங்கள் வழக்கில் பல உள்ளன என்றும் அதே தீர்ப்பு எழுதியது. இரண்டு பக்க ஆதரவாளர்களும் தமக்குப் பிடித்த பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். முழுமையாகப் படித்தால்: குற்றம் விதிப்படி நிரூபிக்கப்படவில்லை, ஐயம் தீரவுமில்லை. வரம்புகளை மறுபடி கணக்கிட்டு, 2014-ல் சோதனை புதிய விதிமுறையோடு நடைமுறைக்குத் திரும்பியது.

2019 பிப்ரவரி 27 அன்று, ஆஸ்திரியாவின் ஸேஃபெல்டில் உலக சாம்பியன்ஷிப் நடந்துகொண்டிருந்தபோது, வீரரின் ரத்தத்தை எடுத்துவைத்து மறுபடி ஏற்றும் ஜெர்மன் மருத்துவர் ஒருவரின் ரத்த ஊக்க வலையைப் பிடிக்கப் போலீஸ் சோதனை நடத்தியது. பிடிபட்ட ஐந்து வீரர்களில் இருவர் எஸ்டோனியர்: காரெல் தம்யார்வ், ஆந்த்ரெயாஸ் வேர்பலு. பின்னவர் அந்த்ருஸின் மகன். இருவருக்கும் நான்காண்டுத் தடை கிடைத்தது. தந்தையைப் பல ஆண்டு பயிற்றுவித்த மாத்தி அலாவெர், வீரர்களை ஊக்கமருந்துக்குத் தூண்டியதற்காக அதே ஆண்டு எஸ்டோனிய நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். எஸ்டோனியப் பனிச்சறுக்கின் நம்பகத்தன்மைக்கு 2011-ஐவிட இதுவே பெரிய அடி.

வேர்பலுவின் மூன்று ஒலிம்பிக் பதக்கங்களும் மூன்று உலக சாம்பியன்ஷிப் பதக்கங்களும் எந்த வழக்கிலும் பறிக்கப்படவில்லை.

இன்றைய கிளாசிக்

அவர் வென்ற விதமான கிளாசிக் இப்போது வேறொரு பக்கத்திலிருந்து நெருக்கப்படுகிறது. மேலுடல் வலுத்த தலைமுறை, இரு கோல்களையும் ஒருசேர ஊன்றி, காலால் உந்தாமலே ஏற்றங்களையும் கடக்கப் பழகிவிட்டது. உந்தல் தேவையில்லையென்றால் பிடிப்பு மெழுகும் தேவையில்லை. முழுப் பலகையும் சறுக்கு மெழுகோடு பறக்கும். இதைக் கட்டுப்படுத்த, கிளாசிக் பந்தயத்தில் கோலின் நீளம் காலணியோடு அளந்த உயரத்தில் 83 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வந்தது: 180 சென்டிமீட்டர் உயரத்துக்கு 149 சென்டிமீட்டர். சில ஏற்றங்களில் அறிவிப்புப் பலகை நட்டு, அங்கே இரட்டை ஊன்றலையே தடை செய்கிறார்கள். 2023-24 பருவத்திலிருந்து ஃப்ளூரின் கலந்த மெழுகுக்கும் தடை. தொடக்கக் கோட்டுக்கு அருகே கருவி வைத்து ஸ்கீயின் அடிப்பரப்பைச் சோதிக்கிறார்கள், மீறினால் தகுதி நீக்கம்.